"பாவம், அந்தப் பிள்ளை நேரத்தோடை போகட்டும்": இந்தக் கரிசனைக்கு விலை கொடுப்பது யார்?

ஏட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாண நகரில் உள்ள ஒரு தனியார் வர்த்தக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எவரையும் சந்திக்கு இழுப்பது என் நோக்கமல்ல. நடந்ததை மனம்விட்டுப் பேசவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் கிளையின் முகாமையாளர் இந்த ஆண்டு ஓய்வுபெற்றார். அவருக்கு அடுத்த நிலையில் நானும், எனக்கு நான்கு ஆண்டுகள் பின்னால் வந்து என்னிடமே வேலை பழகிய ஓர் இளைஞரும் இருந்தோம். பதவி அவருக்குப் போயிற்று. அவர் நல்ல பிள்ளை, உழைப்பாளி, அவர்மீது எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பின்னேரத் தேநீர் வேளையில் இன்னொருவர் வாயால்தான் அறிந்தேன். பணிப்பாளர் சொன்னாராம்: "அந்தப் பிள்ளை வடமராட்சியிலை இருந்து வந்துபோகுது. ரெண்டு சின்னப் பிள்ளையள். சரக்கை எண்ணி இருப்பெடுக்கிற நாளிலை இரவு பத்து மணி மட்டும் நில் எண்டு எப்பிடிச் சொல்லுறது? பாவம்."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். திறமை போதாது என்று சொல்லியிருந்தால் என் கோப்புகளை மேசையில் எடுத்து வைத்திருப்பேன். இரக்கப்பட்டு ஒருவர் பறித்துக்கொண்டதை எந்த முகத்தோடு போய்த் திருப்பிக் கேட்பது?

மார்ச் 31ஆம் திகதி இரவு எங்கள் கந்தோரில் கணக்கு முடிப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியும். சென்ற முறை மின்சாரம் நின்று, ஜெனரேற்றரும் இயங்க மறுத்தபோது, காவலாளி ஐயா கொண்டுவந்த ரோச் லைற்றை இரண்டு பேரேடுகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். எழுநூற்று முப்பது ரூபா இடித்தது. அது எங்கே தவறியது என்று கண்டுபிடித்துச் சமப்படுத்தும்போது மணி ஒன்பதே முக்கால். பிறகு ஸ்கூட்டியில், வடமராட்சிக்குப் போகும் வழியில் இருக்கும் ஆளரவமற்ற வல்லை வெளியைக் கடந்து வீட்டுக்குப் போனேன். அன்று எவரும் "பாவம்" என்று சொல்லவில்லை. அது பதவி உயர்வோடு வராத இரவு.

என் வீட்டில் மாமி இருக்கிறார். கணவர் ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். ஒருவேளை, யோசித்துப் பார்த்துவிட்டு "இப்போது வேண்டாம்" என்று நானே சொல்லியிருக்கவும் கூடும். அதைச் சொல்லும் உரிமையும் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். எங்கள் கிளையில் இருபத்தாறு பேர். அதில் பதினான்கு பேர் பெண்கள். கிளையின் சாவிக்கொத்து இதுவரை ஒரு நாள்கூட ஒரு பெண்ணின் கைப்பையில் வீட்டுக்குப் போனதில்லை.

உங்கள் வேலைத்தலங்களில் இது எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

கோண்டாவில் வாசி எழுதியது:

அக்கா, உங்கள் மனவருத்தம் விளங்குகிறது. ஆனால் இதைப் பாகுபாடு என்று சொல்வது கடுமையாக இருக்கிறது. ஏழு மணிக்குப் பிறகு யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். பருத்தித்துறைக்கோ, காரைநகருக்கோ, தீவுப்பக்கத்துக்கோ போக எத்தனை வண்டிகள் இருக்கின்றன? இரவில் தனியாகப் போகும்போது உங்களுக்கு ஏதாவது நடந்திருந்தால், "ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் பத்து மணி மட்டும் மறிச்சு வைச்சவன்" என்று ஊர் முழுவதும் அந்தப் பணிப்பாளரைத்தான் ஏசும். எனக்கும் தங்கை இருக்கிறாள். அவள் வேலை முடிந்து வரும் வரை அம்மா படலையில்தான் நிற்பார். பணிப்பாளர் தன் வீட்டுப் பெண் என்று நினைத்தே அப்படி முடிவெடுத்திருப்பார். திறமை உள்ளவர்கள் இன்னொருவரின் நிறுவனத்தில் பதவிக்குக் காத்திருக்காமல் சொந்தமாக ஒரு தொழிலைத் தொடங்குவதும் ஒரு வழிதானே?

பனைநிழல் எழுதியது:

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாதியாக இருக்கிறேன். எங்கள் தொழிலில் இரவுமுறை என்பது சோறு தண்ணீர் மாதிரி. யுத்த காலத்தில், ஊரடங்கு நேரத்தில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் விடுதியில் நின்றிருக்கிறோம். என் மகனுக்கு எட்டு மாதமாக இருக்கும்போது நான் இரவுமுறைக்குப் போனேன். "பாவம், பிள்ளைக்காரி" என்று அப்போது எவரும் எனக்கு விடுதலை தரவில்லை. தந்திருந்தால் நோயாளர்களைப் பார்க்க ஆள் இருந்திருக்காது.

வெங்காயத் தோட்டத்துக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு இருட்டோடு போகும் பெண்ணையும், மீன் சந்தைக்குக் கடகத்தோடு போகும் பெண்ணையும் யாரும் மறிப்பதில்லை. இரவும் வீதியும் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுதான். ஆனால் இந்தக் கரிசனை, கதிரையும் கையெழுத்தும் சம்பளமும் கூடுகிற இடத்தில் மட்டும் எழும்பி வருவதை நீங்கள் கவனித்ததில்லையா?

தோட்டத்து மகள் எழுதியது:

பனைநிழல் அம்மா தோட்டத்தைச் சொன்னபடியால் நானும் எழுதுகிறேன். கந்தோர் வேலைகளை மட்டும் வேலைத்தலம் என்று பேசிக்கொண்டிருந்தால் என் அம்மா இந்த இழையில் இருக்கமாட்டார்.

அம்மா புத்தூர்ப் பக்கத்தில் நாட்கூலிக்குப் போகிறவர். சின்ன வெங்காயம் நடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாத்திக்குள் குந்தியிருந்து, இடது கையில் விதை வெங்காயத்தை அள்ளிவைத்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாக அடிப்பக்கம் கீழே இருக்கும்படி செம்மண்ணுக்குள் ஊன்றவேண்டும். ஆழம் கூடினால் அழுகும், குறைந்தால் இறைப்புத் தண்ணீரில் எழும்பி மிதக்கும். ஒரு வரியை முடித்துவிட்டு நிமிராமல் குந்தினபடியே பின்னுக்கு அரக்கவேண்டும். மாலையில் அம்மாவின் பெருவிரல் நகத்துக்குள் இருக்கும் செம்மண்ணை ஊசியால்தான் எடுப்பேன்.

இதற்கு அவருக்குக் கிடைக்கும் கூலி ஆண்களுடையதைவிடக் குறைவு. ஏன் என்று கேட்டால், "ஆம்பிளை மண்வெட்டி பிடிக்கிறான்" என்பார்கள். மண்வெட்டி வேலை கடினமானதுதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெங்காயம் கிண்டும் நாளில் இரண்டு பேரும் ஒரே பாத்தியில் ஒரே வேலையைச் செய்கிறார்கள், அன்றும் கூலி இரண்டு விதமாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் கூலி மண்வெட்டிக்குக் கொடுக்கப்படவில்லை.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 1984ஆம் ஆண்டிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆக்கப்பட்டது. சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்று சொல்லும் சர்வதேசத் தொழில் அமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993ஆம் ஆண்டு ஏற்றுக் கையொப்பமிட்டது. அந்தக் கையொப்பம் புத்தூர் வரை இன்னும் வந்து சேரவில்லை.

சின்னக்கடையான் எழுதியது:

நான் ஒரு சிறிய கடை நடத்துகிறவன். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள், அதில் ஆறு பேர் பெண் பிள்ளைகள். இங்கே எல்லோரும் முதலாளிகளைப் பற்றிப் பேசுவதால், ஒரு முதலாளியின் பக்கத்தில் இருந்து உண்மையைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

வேலைக்கு வரும் பெண் பிள்ளையிடம் "கலியாணம் எப்ப?" என்று கேட்டிருக்கிறேன். ஆண் பிள்ளைகளிடம் கேட்டதில்லை. காரணம் இதுதான்: பிள்ளைப்பேறு என்றால் 84 வேலை நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கவேண்டும், கொடுத்தும் இருக்கிறேன். அந்தச் சம்பளத்தை அரசாங்கம் எனக்குத் திருப்பித் தருவதில்லை. அந்த மூன்றரை மாதத்துக்கு வேறு ஒரு பிள்ளையை எடுத்தால் அவளுக்கும் சம்பளம், சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். ஒரே ஆண்டில் இரண்டு பேர் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது என் வங்கி மிகைப்பற்றை நீட்டித்தான் சமாளித்தேன். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு வரிக் கணக்கு. என்னைப் போன்றவனுக்கு இது ஒரு பருவத்தின் இலாபம். பெண் பிள்ளைகள்மீது எனக்கு வெறுப்பில்லை, ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது என் மனத்தில் ஓடுவது இந்தக் கணக்குத்தான்.

பழைய கோப்பு எழுதியது:

சின்னக்கடையான் வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. தொழிற்சட்டங்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் சிலவற்றை இங்கே தெளிவாக்க விரும்புகிறேன். ஏனெனில் இந்த விடயத்தில் அரைகுறைத் தகவலோடு எடுக்கும் முடிவு இரு தரப்புக்கும் கேடாக முடிந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

எங்கள் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டினது. கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். மூன்றாவது பிள்ளையிலிருந்து விடுமுறை 42 நாட்களாகக் குறையும் என்ற பழைய வேறுபாடு 2018ஆம் ஆண்டின் திருத்தங்களால் நீக்கப்பட்டு, எத்தனையாவது பிள்ளை ஆனாலும் 84 நாட்கள் என்று ஆயிற்று. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை பாலூட்டுவதற்கு நாளில் இரண்டு இடைவேளைகள் கொடுக்கவேண்டும். கர்ப்பத்தையோ பிரசவத்தையோ காரணமாக வைத்து வேலையிலிருந்து நிறுத்தமுடியாது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் சின்னக்கடையான் தொட்ட இடமே சட்டத்தின் பலவீனமான இடம். பிள்ளைப்பேற்றின் செலவை முழுவதும் தனி முதலாளியின் தலையில் ஏற்றிவைத்தால், அந்தச் செலவைத் தவிர்க்க அவர் எடுக்கும் எளிய வழி அந்தப் பெண்ணை வேலைக்கு எடுக்காமல் விடுவதாகவே இருக்கும். பல நாடுகளில் செய்வதுபோல எல்லோரும் செலுத்தும் ஒரு சமூகக் காப்புறுதியிலிருந்து அந்தச் சம்பளம் வழங்கப்பட்டால் "கலியாணம் எப்ப?" என்ற கேள்விக்கு அர்த்தம் இல்லாமல் போகும். தனியார் துறையில் தகப்பனுக்குச் சட்டப்படியான விடுமுறை ஒரு நாளும் இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். பிள்ளை தாயின் பொறுப்பு மட்டுமே என்று சட்டமே சொல்லாமல் சொல்லுகிறது.

2023ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற குளோடியா கோல்டின் தன் வாழ்நாள் ஆய்வில் காட்டியதும் இதை ஒட்டியதே. செல்வந்த நாடுகளில் இன்று ஆண் பெண் வருமான இடைவெளியின் பெரும்பகுதி ஒரே தொழிலைச் செய்வோரிடையே இருக்கிறது, அதுவும் முதல் பிள்ளை பிறந்த பிறகே விரிகிறது. எங்கள் நாட்டில் அரச பல்கலைக்கழகங்களுக்குப் போவோரில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். ஆனால் வேலை செய்யும் வயதுடைய பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே உழைப்புப் படையில் இருக்கிறார். ஆண்களிலோ பத்துக்கு ஏழு பேர் அளவில் இருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று எவரும் தேடுவதில்லை.

ஏட்டுக்காரிக்கு ஒன்று சொல்லவேண்டும். அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே செல்லும். தனியார் நிறுவனத்தில் பதவி உயர்வு மறுக்கப்பட்ட பெண் அந்த வாசலைத் தட்டமுடியாது. ஆகவே உங்கள் கையில் இருப்பது உங்கள் எழுத்துத்தான். வாயால் கேட்ட எதுவும் கோப்பில் ஏறாது. காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாக ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியில் திகதியிட்டு ஒப்பம் வாங்கி வையுங்கள்.

நிற்கிறவள் எழுதியது:

நான் ஒரு புடவைக்கடையில் நிற்கிறேன். "வேலை செய்கிறேன்" என்று எழுதாமல் "நிற்கிறேன்" என்று எழுதியதை எழுத்துப்பிழையாக எடுக்கவேண்டாம்.

காலை ஒன்பது மணியிலிருந்து இரவு ஏழரை வரை நிற்கவேண்டும். கடையில் எட்டுக் கதிரைகள் இருக்கின்றன; எட்டும் வாடிக்கையாளருக்கு. காசுப்பெட்டியில் இருப்பவர் இருந்துகொண்டு வேலை செய்கிறார், அவர் ஆண். கடையில் இருக்கிற ஒரே மலசலகூடம் மேல்மாடிக் களஞ்சியத்துக்குள் இருக்கிறது. திறப்பை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கவேண்டும். ஒரு ஆம்பிளையிடம், வாடிக்கையாளர் முன்னால், ஒவ்வொரு முறையும் கேட்பதற்குக் கூச்சப்பட்டு நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டோம். எங்களில் இரண்டு பேருக்குச் சலக்கடுப்பு வந்து வைத்தியரிடம் போனார்கள். வைத்தியர் சொன்னது, "தண்ணி நிறையக் குடியுங்கோ."

கேரளத்தில் 2018ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டிலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டதை வாசித்தேன். அக்காவின் கவலை முகாமையாளர் கதிரை பற்றியது. என்னுடையது வெறும் கதிரை பற்றியது. ஆனாலும் அக்காவின் சாவிக்கொத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு மேல்மாடித் திறப்புத்தான் நினைவுக்கு வந்தது.

பனைநிழல் எழுதியது:

மகள், இதை வாசித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன். தண்ணீரைக் குறைக்கவேண்டாம், அது சிறுநீரகம் வரை போகும். அந்தத் திறப்பை ஆணியில் கொழுவிவைக்கும்படி நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். ஒருத்தி தனியாகப் போய்க் கேட்கவேண்டாம். அந்த மேற்பார்வையாளரின் பேச்சோ நடத்தையோ வேறுவிதமாக மாறினால், வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்யும் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம், 1995ஆம் ஆண்டிலிருந்து ஐந்தாண்டுச் சிறை வரை கொடுக்கலாம் என்பதையும் அறிந்து வைத்திருங்கள்.

நொத்தாரிசு வீட்டுப்பிள்ளை எழுதியது:

கோண்டாவில் வாசி சொந்தத் தொழில் தொடங்கலாம் என்று எழுதியதைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. தொழிலுக்குக் கடன் வேண்டும், கடனுக்கு ஈடு வேண்டும். எங்கள் பெண்களிடம் இருக்கும் ஈடு சீதனமாக வந்த வளவும் காணியும்தான். உறுதி அவள் பெயரில்தான் இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கணவன் கையொப்பம் வைக்க மறுத்தால், அல்லது எங்கே இருக்கிறான் என்று தெரியாவிட்டால், அவள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்கவேண்டும். 2009க்குப் பிறகு இந்த மண்ணில் கணவன் எங்கே என்று தெரியாத பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தன் உறுதியைத் தானே கையில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அழுத பெண்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் கடைசியில் ஈடு கேட்காத நுண்கடன்காரரிடம் போனார்கள், பிறகு கிழமைக்குக் கிழமை கட்டமுடியாமல் அலைந்தார்கள்.

கோண்டாவில் வாசி எழுதியது:

சொந்தத் தொழில் பற்றி யோசிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். இந்த இழையைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். உயர்தர மாணவர்களின் மாலை வகுப்புகள் ஆண் ஆசிரியர்களுக்கே கொடுக்கப்படுகின்றன என்றும், அந்த வகுப்புகளில்தான் வருமானம் என்றும், தன்னிடம் ஒருநாளும் கேட்கப்படவில்லை என்றும் அவள் சொன்னபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஒரே வீட்டில் இருந்தும் நான் அறியவில்லை. "அண்ணா கூட்டிக்கொண்டு போக ஏலாதெண்டு நினைச்சிருப்பினம், நீங்களும் அப்பிடித்தானே சொல்லுவியள்" என்றாள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஆனாலும் வீதியைப் பற்றிய என் பயம் போகவில்லை, அதை மறைத்து எழுத விரும்பவில்லை. தெருவிளக்கு இல்லாத வல்லை வெளி, கேட்கப்பட்ட பெண்ணுக்கும் கேட்கப்படாத பெண்ணுக்கும் ஒரே இருட்டாகத்தான் இருக்கும்.

ஏட்டுக்காரி எழுதியது:

தம்பி, அந்தப் பயம் எனக்கும் உண்டு. வல்லைப் பாலம் வரும்போது நானும் நெஞ்சுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டுதான் போவேன். வீதியில் இருட்டு இருந்தால் விளக்குப் போடவேண்டும், வண்டி இல்லாவிட்டால் வண்டி விடவேண்டும். அதற்காக என் பதவியை இன்னொருவருக்குக் கொடுத்தால் வீதியில் வெளிச்சம் வந்துவிடுமா?

பழைய கோப்பு ஐயா சொன்னபடி கடிதம் கொடுத்துவிட்டேன். "பதவிக்கு என்னைக் கருத்தில் எடுத்தீர்களா, எடுக்கவில்லையெனில் காரணம் என்ன, அந்தக் காரணம் பற்றி என்னிடம் கேட்கப்பட்டதா" என்று மூன்றே வரிகள் எழுதினேன். பணிப்பாளர் வாசித்துவிட்டு, "பிள்ளை, உமக்கு நல்லதெண்டுதான் செய்தனான்" என்றார். "எனக்கு நல்லது எது என்று அடுத்தமுறை என்னிடம் கேளுங்கள் ஐயா" என்று சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன். பிரதியில் ஒப்பம் வைத்துத் தந்தார். எழுத்தில் பதில் இன்னும் வரவில்லை.

சின்னக்கடையான் எழுதியது:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு ஒரு காரியம் செய்தேன். அடுத்த மாதம் என் கடையில் இருப்பெடுப்பு. இவ்வளவு காலமும் மூன்று ஆண் பிள்ளைகளை மட்டும் மறித்து வைத்துச் செய்விப்பேன். அதற்கு மேலதிக நேரக் கொடுப்பனவு ஒன்றரை மடங்கு என்பதால் அந்தப் பணமும் அவர்களுக்கே போகும். இந்தமுறை ஒன்பது பேரையும் ஒன்றாக நிறுத்தி, "யார் நிற்பீர்கள்?" என்று கேட்டேன். நான்கு பெண் பிள்ளைகள் முடியாது என்றார்கள். இரண்டு பேர் நிற்கிறோம் என்றார்கள். ஓர் ஆண் பிள்ளை, தாய் சுகமில்லாமல் இருப்பதால் தன்னை விடும்படி கேட்டான். இத்தனை ஆண்டுகளாக அவனிடமும் நான் கேட்டதில்லை.

நிற்கும் இரண்டு பெண் பிள்ளைகளில் ஒருத்தி சுன்னாகம், மற்றவள் வேலணை. இரவு வீட்டில் கொண்டுபோய் விட ஓட்டோ பிடிக்கவேண்டும். உங்களிடம் ஒரு கணக்குக் கேள்வி: அந்தக் காசை எந்தத் தலைப்பில் எழுதுவது? பெண் ஊழியர் நலன் என்று எழுதினால் நாளைக்கு எனக்கே அது பெண் பிள்ளைகளால் வந்த செலவாகத் தெரியும் என்று யோசிக்கிறேன்.

ஏட்டுக்காரி எழுதியது:

அண்ணா, "இருப்பெடுப்புச் செலவு" என்று எழுதுங்கள். அன்று நிற்கும் ஆண் பிள்ளைகளின் இரவுச் சாப்பாட்டை எந்த வரியில் எழுதுகிறீர்களோ, அதே வரியில்.